பின்கட்டில் இருந்த படக்காரர்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த படக்காரர் உயிரோடு இருப்பவர்களைப் படம் எழுதமாட்டார். திருத்தணியில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். எங்களுக்குத்தான் குடிவந்து பால் காய்ச்சிய பிறகு சொன்னார்கள்.

சொன்னவர் வீட்டுக்காரம்மா. மலையடிவாரத்தில் பூ விற்பவர். முன்கட்டை எங்களுக்கும் பின்கட்டு அறையைப் படக்காரருக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்.

"நல்ல மனுசன்தாம்மா. குடி கெடையாது, பீடி கெடையாது. செத்தவங்கள படம் எழுதுவாரு, அவ்ளோதான்" என்றார், ஏதோ நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறார் என்பதுபோல.

"செத்தவங்களையா?"

"ஆங். போட்டோ புடிக்காமயே பூட்டவங்க எத்தினி பேரு கீறாங்க! அவங்க வூட்டு ஜனம் வந்து கேப்பாங்க. இவரு எழுதிக் குடுப்பாரு. மொகம் அப்படியே இருக்கும்."

"பார்க்காத முகத்தை எப்படி எழுதுவார்?"

வீட்டுக்காரம்மா தொடுத்துக்கொண்டிருந்த கதம்பத்தை மடியில் வைத்தார். "அத நான் கேட்டதில்லம்மா. நீயும் கேக்காத."

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயம் அது. என் கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா வேலை. ஜங்ஷன் என்றால் முதல் குண்டு அங்கேதான் விழும் என்று பயமுறுத்தினார்கள். அதனால் குழந்தை பாபுவோடு நாங்கள் திருத்தணிக்கு வந்தோம். அவர் தினமும் ரயிலில் போய்வந்தார். பாபுவின் முதல் முடியும் திருத்தணி மலைக்குத்தான் வேண்டிக்கொண்டது. அவனுக்கு நடை வந்தும் இன்னும் முடி இறக்கவில்லை. தோளைத் தொடும் முடியைப் பின்னிப் பூ வைத்துவிடுவேன். தெரியாதவர்கள் பெண் குழந்தை என்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பெண். படம் எழுதினால் ஆயுசு குறையும் என்று யாராவது சொன்னால் கல்யாணத்துக்கு முன் சிரித்திருப்பேன். குழந்தை பிறந்த பிறகு எதற்குச் சிரிக்கலாம், எதற்குக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ராத்திரி குழந்தை இருமினால் பகலில் யார் பார்த்தார்கள் என்று யோசிப்பேன். யோசித்துவிட்டு, படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்றும் யோசிப்பேன்.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் கிணறு, துவைக்கிற கல், அதற்கு அப்பால் படக்காரரின் கதவு. மணவூரிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் வீங்கிய முகத்தோடு ஜனங்கள் வருவார்கள். அவர்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே அழுகை கேட்கும். சில சமயம் சிரிப்பும் கேட்கும். சாவு வீட்டுக்காரர்கள் அந்த அறைக்குள் போய் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வெளியே வரும்போது பெண்கள் தங்கள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே வருவார்கள், ஏதோ அதில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

படக்காரர் நல்ல உயரம். ஒல்லி. நெற்றியில் விபூதியும் கிடையாது, நாமமும் கிடையாது. மலையடிவாரத்தில் இருந்தும் மலையேறிச் சாமி பார்த்ததில்லை. விடிந்ததும் மலைச்சரிவுக்குப் போய்த் துணியில் செம்மண் முடிந்துகொண்டு வருவார். அதைக் கரைத்து, வடித்து, கோந்து கலந்து வண்ணமாக்குவார். அவ்வளவு மண்ணும் கரியும் புழங்குகிற மனிதரின் வேட்டியில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வேலை செய்கிறவன் துணி வேலை செய்தமாதிரி இருக்க வேண்டாமா?

இன்னொன்று, பேசும்போது அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். கைகளைத்தான் பார்ப்பார். வாளியில் தண்ணீர் சேந்திக்கொண்டே நான் ஏதாவது பதில் சொன்னால் அவர் பார்வை என் விரல்களோடு ஏறி இறங்கும். அதன்பிறகு அவரோடு பேச நேர்ந்தால் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் யார், எங்கிருந்து வந்தார் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. என் கணவரிடம், பட்டணத்துச் சித்திரப் பள்ளியில் வெள்ளைக்காரத் துரையிடம் எண்ணெய் வண்ணம் கற்றதாகவும், ஒரு ஜமீன்தாரைப் படம் எழுதப்போய் அதோடு அந்தப் பாணியை விட்டுவிட்டதாகவும் சொல்லியிருந்தார். வீட்டுக்காரம்மாவிடம், காளஹஸ்திப் பக்கத்து மடம் ஒன்றில் சாமியாருக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு வேதாந்தம் கேட்டதாகச் சொல்லியிருந்தார். யுத்த காலத்தில் வெளியூர் ஆட்களை விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், பெஜவாடாவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினவன் என்றார்.

"மூணும் உண்மையா இருக்கக் கூடாதா? ஒரு மனுஷன் மூணு இடத்துல இருந்திருக்கலாமே" என்றார் என் கணவர்.

"இருந்திருந்தா மூணையும் ஒரே ஆள்கிட்ட சொல்லலாமே" என்றேன்.

அவருக்குப் படக்காரரைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றடியில் உட்கார்ந்து இருவரும் பேசுவார்கள். நான் உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பேன்.

"மடத்துல ரூபம் பொய்யின்னு சொன்னாங்க சார். சரின்னுட்டேன். அப்புறம் பட்டணத்துல ஒரு புத்த பிக்கு. அவரு 'நான்'னு ஒண்ணே கெடையாது, நிமிசத்துக்கு நிமிசம் வேற ஆளுன்னாரு. அதுவும் சரின்னுட்டேன். ஆனா பாருங்க, பொய்யின்னா பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும், அது போனப்புறம் ஜனங்க ஏன் சார் அதத்தான் தேடிகினு வராங்க? நெசத்தக் கேட்டு ஒருத்தராவது என் கதவத் தட்டினதில்ல."

என் கணவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் பொய், ஆள் என்பதும் கிடையாது என்று நம்புகிற மனிதர், யார் முகத்தை எடுத்து யாருக்கு வைத்தால்தான் என்ன என்று நினைக்கமாட்டாரா?

அவர் எழுதிய படம் ஒன்றை ஒருமுறை பக்கத்தில் பார்த்தேன். மணவூர்க்காரர் ஒருவரின் தங்கை, பிரசவத்தில் போனவள். துணி ஒட்டிய பலகையைக் கிணற்றடி நிழலில் காயவைத்திருந்தார். மற்ற படக்காரர்கள் போடுகிற நாற்காலி, திரைச்சீலை, பூஜாடி ஒன்றும் இல்லை. பின்னால் வெறும் செம்மண் நிறம், நம் மலையை அரைத்துப் பூசியமாதிரி. அதன்மேல் மெல்லிய கரிக்கோட்டில் ஒரு பெண். மூக்குக்குக் கீழேயோ கழுத்திலோ நிழல் கிடையாது. கண்கள் நம்மைப் பார்க்கவில்லை. சற்றுத் தாழ்ந்து, பக்கத்தில் யாரோ கூப்பிட்டதைக் கேட்பதுபோல இருந்தன.

"நிழலே போடமாட்டீங்களா?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நிழல் போட்டா அது காலையா சாயங்காலமான்னு தெரிஞ்சுடும்மா. இவங்களுக்கு இனிமே ஏது காலை, ஏது சாயங்காலம்?"

"கண்ணு?"

"நேராப் பாக்குற மாதிரி முன்னல்லாம் எழுதினேன். ஒரு வூட்ல அந்தப் படத்தப் பாத்துகினே அடுப்பப் பத்தவைக்காம உக்காந்துட்டாங்க. அதுலேருந்து கண்ணத் தாழ்த்திட்டேன். வூட்ல வேல நடக்கணும் இல்ல?"

நல்ல பதில்தான். நல்ல பதில்கள் சொல்கிறவர்களைப் பற்றி என் அம்மா எச்சரித்திருக்கிறார்.

பாபுவுக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அந்தக் கேள்வி முதலில் வந்தது. படக்காரர் கதவருகில் நின்று, "கொழந்தைக்கு முடி எப்பம்மா எறக்கப் போறீங்க?" என்றார்.

"ஆடிக் கிருத்திகைக்கு."

"ஆடிக் கிருத்திகையா? அதுக்கு இன்னும் நாள் இருக்குதே" என்று ஏமாந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேட்டார். "முன்னாடியே எறக்கினா சாமி ஏத்துக்காதாம்மா?" பிறகு என் கணவரிடமும் கேட்டிருக்கிறார். அவர் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. உயிரோடு இருப்பவர்களை எழுதாதவருக்கு என் பிள்ளையின் மொட்டையில் என்ன வேலை?

அந்த வாரமே பாபுவுக்கு ஜுரம் வந்தது. மாந்தம் என்றார் வைத்தியர். மருந்தை உரைத்துக் கொடுத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரம்மா வேப்பிலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொட்ட எப்பன்னு அந்தாளுக்கு இன்னாத்துக்கும்மா?"

"தெரியலையே அக்கா."

"ஒருவேள அவருக்கு முன்னாடியே தெரியுமோ இன்னாவோ."

"என்ன தெரியும்?"

"யாரு போவப் போறாங்கன்னு. எழுதறதுக்கு ஆயத்தமா இருக்கணும் இல்ல? அய்யோ, நான் ஒண்ணும் சொல்லல. நீ மனசுல வெச்சிக்காத."

சொல்வதை எல்லாம் சொல்லிவிட்டு மனதில் வைத்துக்கொள்ளாதே என்றால் எங்கே வைத்துக்கொள்வது? ஜுரம் இறங்கிவிட்டது. ஆனால் நான் ஆடிக் கிருத்திகையைத் தள்ளிப்போட்டேன். காவடிக் கூட்டத்தில் வாந்திபேதி பரவும் என்று கணவரிடம் காரணம் சொன்னேன். முடியை இறக்காவிட்டால் சாமி குற்றம். இறக்கினால், அந்த மனிதர் எதற்காகக் காத்திருக்கிறாரோ அது நடக்கும். இரண்டில் எது பெரியது என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்தேன். புகையில் கண் எரிந்தாலும் திறக்கவில்லை.

கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு மத்தியானம், முன் வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். கரியில் ஓடுகிற யுத்த காலத்து பஸ்ஸில் வந்திருந்தாள். புடவையெல்லாம் கரித்தூள். என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பிலிருந்த பாபுவின் பின்னலைப் பார்த்தாள்.

"இன்னும் எறக்கலியா?" என்றாள்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அவள் கதவைத் தட்டவில்லை. கதவோடு வாயை வைத்துப் பேசினாள்.

"கதவ சாத்தாத தாயி. நான் திருடி இல்ல. கனகம்மாசத்திரத்துல பயிர் வெச்சிகினு கீறவங்க நாங்க. எம்புள்ளையும் இவன் வயசுதான். இதே மாதிரி பின்னல் போட்டு வெச்சிருந்தேன். இந்த மலைக்குத்தான் முடி வேண்டிகினோம். அறுப்பு முடியட்டும், நெல்லு வூடு வந்து சேரட்டும்னு எங்க நைனா சொன்னாரு, சரின்னு இருந்துட்டோம். ஜுரத்துல பூட்டான்."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பாபு தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"முடி எறக்காமயே பூட்டானே தாயி, சாமிக்கு இன்னா பதில் சொல்றது? படத்துலயாவது மொட்ட அடிச்சி சந்தனம் பூசிக் காட்டணும். மலைக்கு எடுத்துகினு போயி சாமி முன்னால காட்டிட்டு அப்புறம் வூட்ல மாட்டணும். படக்காரரு மொகத்த எழுதிட்டாரு. மொட்ட தல எப்படி இருக்கும்னு கேக்குறாரு. நான் பாத்திருந்தா இல்ல சொல்ல? இந்த வூட்டுப் புள்ளைக்கு மொட்ட அடிக்கப்போறாங்க, அப்ப வான்னாரு. வந்து வந்து பாத்துட்டுப் போறேன்."

கதவைத் திறந்தேன். எப்போது திறந்தேன் என்று நினைவில்லை. அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனேன்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே வூட்டக் காலி பண்ணியிருப்பீங்கம்மா." அது உண்மைதான். அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமானது.

"என் பிள்ளை முகத்தை எடுத்துச் செத்த பிள்ளைக்கு வைக்கப் பார்க்கிறீங்க."

"மொகம் வேணாம்மா. தல மட்டும் போதும்."

என்ன பேச்சு இது! காதைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "உனக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம். வேற வீடு பார்த்துக்கலாம்" என்றார். கூடாது என்று சொல்லியிருந்தால் கீழ்ப்படிந்திருப்பேன். செய் என்றிருந்தாலும் செய்திருப்பேன். என்னிடமே விட்டுவிட்டார். மறுத்தால் அந்தத் தாயின் வயிற்றெரிச்சல் என் பிள்ளைமேல். ஒப்புக்கொண்டால், மாலை போட்டு மாட்டப்போகிற படத்தில் என் பிள்ளையின் தலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் பாபு நின்றான்.

கடைசியில் என் பக்கத்து நிபந்தனைகளைப் படக்காரரிடம் சொன்னேன். குழந்தை என் மடியிலேயே இருப்பான். அவனை எழுதக் கூடாது. அவனிடமிருந்து ஒரு மச்சம்கூட அந்தப் படத்துக்குள் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றார், என் கைகளைப் பார்த்துக்கொண்டு.

நல்ல நாள் பார்த்து மலையில் பாபுவுக்கு முடி இறக்கினோம். அவன் ஊரைக் கூட்டி அழுதான். பிறகு சந்தனத்தின் குளிர்ச்சியில் சமாதானமாகித் தன் தலையைத் தானே தடவிப் பார்த்துச் சிரித்தான். இறங்கி வந்தபோது, படக்காரர் சொல்லியனுப்பியிருந்த அந்தத் தாய் கிணற்றடியில் காத்திருந்தாள். துவைக்கிற கல்லில் நான் பாபுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படக்காரர் பலகையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தம்மா தொட்டுப் பாக்கலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

தலையை அசைத்தேன். அவள் குனிந்து, "வாடா நைனா" என்று இரண்டு கைகளாலும் பாபுவின் தலையைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கைகளை அப்படியே, அந்த அகலம் கலையாமல், மேலே தூக்கினாள். வெறும் காற்றில் ஒரு தலை இருந்தது.

"இவ்ளோ பெரிசு இல்ல சாமி. கொஞ்சம் சின்னது." கைகள் நெருங்கின. "பின்னால இந்தப் பக்கம் தட்டையா இருக்கும். ஒருக்களிச்சே படுப்பான், எத்தினி வாட்டி திருப்பிப் போட்டாலும்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "உச்சியில இங்க லேசா ஒரு மேடு."

படக்காரர் அவள் கைகளைப் பார்த்து எழுதினார். பாபுவின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. இதுதானா என்று என் மூச்சு இறங்கியது. பார்க்காத முகங்களை அவர் எங்கிருந்து எடுக்கிறார் என்று இத்தனை மாதமாக நான் என்னென்ன நினைத்துவிட்டேன்!

"காது?" என்றார் படக்காரர்.

அவள் கைகள் நின்றன. விரல்களைச் சேர்த்தாள், பிரித்தாள். காற்றில் ஒன்றும் வரவில்லை.

"காது... காது..." அவள் முகம் மாறியது. "எண்ணெ தேச்சி உட்டவ நானு. கம்மல் போட்டவ நானு. எப்படி சாமி மறக்கும்? பெத்தவளுக்குக் காது மறக்குமா?" தன் தலையில் அடித்துக்கொண்டாள். "எனுக்கே வரலியே! நானே மறந்துட்டா அவன் எங்க சாமி இருப்பான்?"

நான் ஒரு கையால் அவள் கையைப் பிடித்தேன். படக்காரர் தூரிகையை எடுத்துப் பலகையில் ஓரிடத்தில் வேகமாக ஏதோ எழுதினார். யோசிக்காமல், ஏற்கெனவே மனப்பாடமானதை எழுதுவதுபோல. பிறகு பலகையை எங்கள் பக்கம் திருப்பினார்.

செம்மண் நிறத்தில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒரு பையன். கண்கள் கீழே தாழ்ந்திருந்தன. நான் பார்த்தே இராத பிள்ளை.

"ஆங்!" என்று கத்தினாள் அவள். "இதான்! இதே காதுதான்! எப்படி சாமி தெரிஞ்சுது உனுக்கு?"

அப்போதுதான் நான் காதைப் பார்த்தேன். இடது காதின் மேல் நுனி உள்பக்கமாகச் சற்று மடங்கியிருந்தது. என் அப்பாவுக்கு அப்படித்தான். எனக்கும் அப்படித்தான். இத்தனை நாள் பின்னலுக்கு அடியில் மறைந்திருந்து இன்று காலைதான் வெளியே வந்த பாபுவின் காது அது.

எப்போது பார்த்தார்? நாங்கள் வாசலுக்குள் நுழைந்தபோதா? அல்லது வெகு நாளைக்கு முன்பே, நான் சாம்பிராணிப் புகையில் முடியைத் தூக்கிப் பிடித்தபோதா? நிமிர்ந்தேன். படக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கைகளை அல்ல, முகத்தை. அவர் என் முகத்தைப் பார்த்தது அன்று ஒருநாள்தான். நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார். தூரிகையில் செம்மண் வண்ணம் இன்னும் ஈரமாக இருந்தது. நான் ஒரு சொல் சொன்னால் அந்தக் காதை அழித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவர் அறையைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார். பிறகு கேட்கவும் வழியில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் கண்ணீரும் கரித்தூளும் சந்தனமும் குழம்பியிருந்தன.

"நீ சொல்லு தாயி. எம்புள்ள எப்படிக் கீறான்?"

"அழகா இருக்கான்" என்றேன்.

அவள் பலகையைக் கையில் வாங்கிக்கொண்டாள். நான் பாபுவைத் தூக்கிக்கொண்டு எழுந்து, முந்தானையை இழுத்து அவன் தலையை மூடினேன், காதோடு சேர்த்து.